கத்திரிப்பூ நிற ஆங்கிள்

இன்று காலை கோயம்புத்தூர் அலுவலகம் ஒன்றிலிருந்து எங்களுக்கு ஒரு மாடல் வந்தது. உப்பு மூட்டை அடுக்கும் பெரிய கிடங்கு. தூண், கூரை, படிக்கட்டு என்று கம்ப்யூட்டரில் முழுதாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேல்தளத்தின் ஓரத்தில் கத்திரிப்பூ நிறத்தில் நீளமாக ஒரு கம்பி தெரிந்தது. என் கை மவுஸை விட்டு எழுந்துவிட்டது. சூடான பாத்திரத்தைத் தொட்டவள்போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. அந்த அலுவலகத்தில் கைப்பிடிக் கம்பிகளுக்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான். யாரோ ஒருவருக்குப் பிடித்த நிறமாக இருக்கும். நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. இன்னும் அந்த நிறத்தில் எதைப் பார்த்தாலும், உன்னைக் கேட்காமல் என் கை அதைத் தொடமாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லுமுன் பழையதையெல்லாம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். பொறுத்துக்கொள்.

பாளை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தில் நம் நாற்காலிகள் அடுத்தடுத்து இருந்தன. நமக்குப் பெரும்பாலும் துறைமுக வேலைதான். கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியைப் பெல்ட்டில் கொண்டுபோவார்கள். பெல்ட் திரும்பவேண்டிய இடத்தில் ஓர் இரும்பு டவர் நிற்கும். மேலே வரும் பெல்ட் கரியைக் கொட்ட, கீழே வேறொரு பெல்ட் அதை வாங்கிக்கொண்டு வேறு திசையில் போகும். டவரின் எலும்புக்கூடு முழுக்க உன்னுடையது: தூண்கள், உத்திரங்கள், தூணுக்கும் தூணுக்கும் இடையே சாய்வாக ஓடி டவரை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் ஆங்கிள்கள். பெல்ட்டும் மோட்டாரும் கரி விழும் தொட்டியும் என்னுடையவை. இரண்டு பேரும் ஒரே மாடலுக்குள் வேலை செய்தோம். ஓர் அடுப்படியில் இரண்டு பேர் சமைத்தால் எப்படியோ அப்படித்தான் இருந்தது.

“ஏளா, ஒம் மோட்டாரு எந் தூணுக்குள்ள கால நீட்டிக்கிட்டு கெடக்கு. மடக்கச் சொல்லு.”

“மோட்டாரு நேத்தே வந்து படுத்தாச்சு. ஒந் தூணுதான் இன்னைக்கு வந்து நிக்கி.”

“தூணு இல்லன்னா ஒம் மோட்டாரு ஆகாசத்துல தொங்குமாக்கும்?”

எதிர் மேசையில் கணக்குப் பார்க்கும் செல்வி அக்கா தலையை நிமிர்த்தாமலே சிரிப்பாள்.

ஆரம்பத்தில் நாம் மாடலுக்குள்ளேயே குறிப்பு எழுதி ஒட்டிப் பார்த்தோம். சின்னக் கட்டமாக அது தூணின்மேல் உட்கார்ந்திருக்கும். நீ ஒன்று எழுதுவாய், நான் பதில் எழுதுவேன், நீ அதற்குப் பதில். ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர்விட்டு ஊர் எழுதுவதுபோல எழுதிக்கொண்டிருந்தோம். யாராவது ஒருவருக்குச் சலித்துப்போய் ‘முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தினால் குறிப்பு காணாமல் போய்விடும். சிக்கல் அங்கேயே இருக்கும். ஒரு நாள் உனக்குப் பொறுக்கவில்லை. தகராறாகக் கிடந்த உத்திரத்தைக் கத்திரிப்பூ நிறத்துக்கு மாற்றினாய்.

“இனிமே இதான். எது முடிவாகலையோ அதுக்கு இந்தக் கலரு. நீயும் தனியாத் தொடாத, நானும் தொடமாட்டேன். ரெண்டு பேரும் ஒரு ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து பேசித்தான் பழைய கலருக்கு மாத்தணும். இது ஒண்ணு மிச்சம் இருந்தாலும் வரைபடம் வெளிய போவக்கூடாது.”

அன்றிலிருந்து அதுவே நம் சட்டம். அலுவலகத்தை நடத்தியவரை நாம் எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். அவர் மாலையில் நம் பக்கமாக வந்து நின்று, “தோட்டத்துல இன்னும் எத்தன பூ கெடக்கு?” என்று கேட்பார். நீ விரல்களைக் காட்டுவாய். “பறிச்சிட்டுச் சொல்லுங்கம்மா” என்று போய்விடுவார்.

நாம் பேசிய பேச்சை இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அதை அப்படியே எழுதிவைத்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

“இத இங்கன வச்சிட்டு, அத அப்பிடியே…”

“அப்ப அது?”

“அது வராது. இது வரும்.”

“சரி, நான் இத…”

“ஆங். அதான்.”

பிரிண்டர் பழுதுபார்க்க வந்த ஆள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “என்ன மேடம் முடிவு பண்ணீங்க?” என்று கேட்டார். “ஒரு மாடிப்படிய எடம் மாத்தியாச்சு” என்றாய் நீ. அவர் திரையைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார், பிரிண்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார். பேச்சில் பாதியை உன் விரல்தான் பேசியது. என் ஸ்கிரீன் முழுக்க உன் விரல்தடம் இருக்கும். சாயங்காலம் துணியால் துடைத்தபடி நான் திட்டுவேன். நீ காதில் வாங்கியதே இல்லை.

விரல் போதாதபோது எழுந்து நின்றுவிடுவாய். “இவன் எங்கன கூடி போவான்?” என்பது நீ எந்த மாடலைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி. இவன் என்றால் ஃபிட்டர். டவர் கட்டி முடிந்த பிறகு மோட்டாரைப் பழுதுபார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறப்போகிற, நாம் பார்த்திராத ஒருவன். நாற்காலிகளுக்கு நடுவே நீ கையைச் சாய்வாக நீட்டிக்கொண்டு ஆங்கிளாக நிற்பாய். நான் சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஃபிட்டராக உன் கைக்கு அடியில் குனிந்து போகவேண்டும். தலை இடித்தால் ஆங்கிள் மாறும்.

“காலேஜ் படிச்ச பொம்பளைங்க ஆபீஸ்ல கபடி ஆடுதாளுவ” என்பாள் செல்வி அக்கா.

“நீங்க நடுவரா வாங்கக்கா” என்பாய் நீ, நீட்டிய கையை மடக்காமல்.

உன் நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. மீன் முள் குத்தியது என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். உங்கள் வீட்டில் மீன் இல்லாத நாளே கிடையாது என்பதால் நானும் நம்பினேன். மதுரைக்குப் போய்க் காட்டியபோது வேறு பெயர் சொன்னார்கள். ஆபரேஷனில் நாக்கின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். துறைமுக வேலைகளிலேயே பெரிய டவர் ஒன்றை அப்போதுதான் நீ தொடங்கியிருந்தாய். தூண்கள் மட்டும் நின்றன.

ஊர் திரும்பிய பிறகு உன்னைப் பார்க்க வந்தேன். உன் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று, “பேச்சு வராது, சத்தந்தான் வரும். மத்தவங்க முன்னாடி அதுவும் வேண்டாம்னு சொல்லுதா” என்று மெதுவாகச் சொன்னார். உள்ளே மாதா படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. நான் எதையெதையோ பேசினேன். நெல் அறுப்பைப் பற்றி, ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு மாடு கன்று போட்டதைப் பற்றி. நீ செல்போனை எடுத்துத் தட்டி என் பக்கம் திருப்பினாய்.

‘டவர் என்னோடது. யாருக்கும் குடுக்கச் சொல்லாத.’

அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் நல்லவர் என்பதில் நம் இருவருக்கும் எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்மா, அவ ஒடம்பப் பாக்கட்டும். வேலை எங்க ஓடிறப் போவுது? வேற ஆளப் போட்டு முடிச்சிருவோம்” என்றார். நான் செல்போனை அவர் முன்னாலிருந்து எடுக்கவில்லை. மறுபடி வாசித்தார். “சரி. வீட்டுல இருந்தே பாக்கட்டும். சிஸ்டத்தக் கொண்டுபோய் வைக்கச் சொல்லு” என்றார்.

இப்படியாக, ஓர் ஊருக்குள்ளேயே இருந்துகொண்டு நாம் கம்ப்யூட்டர் வழியாகச் சந்திக்கத் தொடங்கினோம். என் திரையில் இருக்கும் மாடலே உன் திரையிலும். உன் மவுஸ் எங்கே இருக்கிறதோ அங்கே உன் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு சின்ன அம்பு. உன் பங்குக்கு அந்த அம்பும், தட்டி அனுப்பும் வரிகளும். என் பங்குக்குக் குரல்.

முதல் சில நாட்கள் எதுவும் கூடிவரவில்லை. நீ பதில் தட்டி முடிப்பதற்குள் நான் அடுத்த தளத்துக்குப் போயிருப்பேன். ‘ஆமா’ என்று நீ அனுப்பும்போது, எதற்கு ஆமா என்பது இருவருக்கும் தெரியாது. நீ பேசாததால் உண்டான வெற்றிடத்தை நானே பேசி நிரப்பிக்கொண்டிருந்தேன். போதாததற்கு என் குரலும் உயர்ந்துவிட்டிருக்கிறது. ஒரு நாள் திரையில் உன் வரி வந்தது.

‘ஏளா, நாக்குதான் போச்சு. காது நல்லாத்தான் கேக்கு. கத்தாத.’

நான் சிரித்தேன். உன் பக்கத்திலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ என் முன்னால் எழுப்பிய முதல் சத்தம் அது. அதன்பின் நான் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தேன். அம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஓர் உத்திரத்தின்மேல் அது மெல்ல ஊர்ந்தால் நீ படித்துக்கொண்டிருக்கிறாய். ஓர் இடத்தில் அசையாமல் நின்றால் மனதுக்குள் கணக்குப் போடுகிறாய். அப்போது நான் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டு பக்கமும் விறுவிறுவென்று ஆடினால் வேண்டாம் என்று அர்த்தம். எதையாவது சுற்றிச் சுற்றி வந்தால் இங்கே ஏதோ கோளாறு, பார் என்று அர்த்தம். இதையெல்லாம் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாகப் படிந்தது. டவரும் தளம் தளமாக ஏறியது.

மேல்தளத்துக்கு வந்தபோதுதான் அந்த ஆங்கிள் குறுக்கே வந்தது. துறைமுகத்துக்காரர்கள் வேலைக்கு நடுவில் பெரிய மோட்டாராகப் போடச் சொல்லிவிட்டார்கள், நான் போட்டேன். அங்கே உன் ஆங்கிள் ஒன்று தரையிலிருந்து சாய்வாக ஏறியது. அதன் உயரமான பக்கத்துக்கு அடியில் ஆள் நடந்து போகிற வழி இருந்தது. அந்த வழியைப் பெரிய மோட்டார் எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது தாழ்ந்த பக்கம், நெஞ்சு உயரத்தில் இரும்பு. கம்ப்யூட்டரைக் கேட்டால் எதுவும் எதனோடும் இடிக்கவில்லை என்றது. உண்மைதான், இரும்பு இரும்போடு இடிக்கவில்லை. உன் அம்பு அந்த ஆங்கிளை மூன்று நான்கு முறை சுற்றியது. பிறகு ஆங்கிள் கத்திரிப்பூ நிறமாயிற்று.

அதை எடுத்து அடுத்த இரண்டு தூண்களுக்கு இடையே கொண்டுபோகவேண்டும் என்றாய். அப்படியானால் கீழே இருக்கும் தளங்களின் கணக்கையும் மறுபடி போடவேண்டும். அந்த வாரம் உனக்கு ஊசி போட்டிருந்தார்கள். மவுஸைப் பிடிக்கவே கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். அதற்குள் துறைமுகத்துக்காரர்கள் மாடலைப் பார்த்து ஒப்புதல் தரும் கூட்டம் வந்துவிட்டது. அந்தக் கூட்டம் முடிந்தால் இரும்பு வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

“ஒத்த ஆங்கிள்தானம்மா?” என்றார் அண்ணாச்சி என்னிடம். “மனுசன் குனிஞ்சு போயிக்கிடுவான். அவளப் போட்டு ஏன் சிரமப்படுத்தணும்? நீ பாத்து முடிச்சிரேன்.”

“எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சட்டம் இருக்கு அண்ணாச்சி.”

“சட்டமெல்லாம் ஒடம்பு நல்லா இருக்கும்போதும்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

கூட்டம் துறைமுகத்துக்குள் அவர்களுடைய அலுவலகத்தில் நடந்தது. நானும் அண்ணாச்சியும் நேரில் போயிருந்தோம். நீ வீட்டிலிருந்து சேர்ந்துகொண்டாய். சுவரில் மாடல் பெரிதாக விழுந்தது. டவர் முழுக்க ஒரே சாம்பல் நிறம். கலர் கலராக இருந்தால் சின்னப்பிள்ளை வேலைபோலத் தெரியும் என்று, கூட்டத்துக்காக எல்லா இரும்பையும் ஒரே நிறமாக்கச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. உன் ஆங்கிளும் மற்றவற்றோடு சாம்பலாகக் கலந்து நின்றது. நீயும் அதை அப்போதுதான் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

துறைமுகத்து என்ஜினியர் செல்போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஸ்டீல் பக்கம் ஏதும் பாக்கி இருக்கா?”

“ஒண்ணும் இல்ல சார். டிசைன் பண்ணுன மேடமே லைன்ல இருக்காங்க. அவங்க பாத்து முடிச்சதுதான்” என்றார் அண்ணாச்சி.

உன் அம்பு வந்துவிட்டது. மேல்தளத்துக்குப் போய் அந்த ஆங்கிளைச் சுற்றியது. சுற்றியது, சுற்றியது. நீ கட்டாயம் தட்டியும் அனுப்பியிருப்பாய். ஆனால் வரிகள் வரும் கட்டம் சுவரில் விழவில்லை. படம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று அதை மூடி வைத்திருந்தார்கள்.

என்ஜினியர் நிமிர்ந்து பார்த்தார். “வட்டம் போடுதாங்களே. ஓகேன்னு சொல்லுதாங்களா?”

“ஆமா சார்” என்றார் அண்ணாச்சி. இதில் அவர் பொய் சொல்லவில்லை. வட்டத்தைப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்த வட்டத்தை வாசிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

உனக்குப் பதிலாக நானே எழுந்து விவரம் முழுவதையும் சொல்லியிருக்கலாம். மோட்டார், வழி, நெஞ்சு உயரம் எல்லாம் எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லிவிட்டால், அந்த அறையில் இருந்தவர்கள் இனி எப்போதும் என்னைத்தான் கேட்பார்கள். உன் அம்பை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். டவர் அன்றோடு உன் கையை விட்டுப் போய்விடும்.

“ஓகே சொல்லல அண்ணாச்சி” என்றேன். “கோளாறுன்னு சொல்லுதா. மாடலத் திருப்புத கன்ட்ரோல அவகிட்டக் குடுங்க. அவளே காட்டுவா.”

அறையில் இருந்தவர்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. நீ எல்லோர் முன்னாலும் தடுமாறிவிடுவாயோ என்ற கவலை. கன்ட்ரோலைக் கொடுத்தார்கள்.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்புறம் டவரின் கூரை மறைந்தது. பக்கத் தகரங்கள் மறைந்தன. பெல்ட் போனது, கரி விழும் தொட்டி போனது, கீழ்த்தளங்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்றையும் நீ அணைக்க அணைக்க, சுவரில் கடைசியாக மேல்தளமும் மோட்டாரும் கைப்பிடியும் அந்த ஒற்றை ஆங்கிளும் மட்டும் வெள்ளை வெளியில் நின்றன. என்ஜினியர் செல்போனைக் கவிழ்த்து வைத்தார்.

அளவு தெரிவதற்காக மாடல்களில் நிறுத்துவோமே, முகம் இல்லாத ஆள் உருவம் ஒன்று, அதைக் கொண்டுவந்து படிக்கட்டின் தலைப்பில் நிறுத்தினாய். அவன் தோளோடு ஒரு பெட்டியை ஒட்டவைத்தாய். அவனை நடத்தினாய். உன் கை நடுங்கியதால் அவன் தள்ளாடித் தள்ளாடி வந்தான், பாரம் சுமப்பவன்போலவே. ஆங்கிள் முன்னால் வந்து நின்றான். அவனைப் பக்கவாட்டில் திருப்பினாய். பெட்டி இடித்தது. மறுபக்கம் திருப்பினாய். மோட்டார் இடித்தது. சாய்த்துப் பார்த்தாய். சரிவரவில்லை. கொஞ்ச நேரம் அவனை அங்கேயே நிற்கவைத்தாய்.

பிறகு அவனை எடுத்துக் கைப்பிடிக்கு வெளியே வைத்தாய்.

அங்கே தளம் இல்லை. வெறும் வெளி. ஆங்கிளைச் சுற்றிக்கொண்டு போவதற்காகக் கைப்பிடியைத் தாண்டி வெளிப்பக்கமாகக் கால் வைத்த ஒரு மனிதன், தோளில் பெட்டியோடு, அந்தரத்தில் நின்றான். உன் அம்பு அவனை விட்டு விலகிப்போய்த் திரையின் ஓரத்தில் நின்றுகொண்டது. அவனை அப்படியே விட்டுவிட்டாய்.

என்ஜினியர்தான் முதலில் வாயைத் திறந்தார். நம்மைப் பார்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்து, உன்னோடு பேசினார்.

“கரெக்ட் மேடம். குனிஞ்சு போன்னா கேக்கமாட்டானுவ. பைய எறக்கி வைக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு இப்பிடித்தான் வெளிய கூடி போவானுவ. நானே பாத்திருக்கேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஒங்களுக்கு எத்தன நாள் வேணும்?” என்று கேட்டார்.

கேள்வி உன்னிடம் கேட்கப்பட்டது. நான் வரிகள் வரும் கட்டத்தைத் திறந்து வைத்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். நீ தட்டுவதற்கு ஆன அவ்வளவு நேரமும் அந்த அறை காத்திருந்தது. ‘ஒரு வாரம் சார்’ என்று வந்தது. சரி என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி உன் வீட்டுக்கு வந்தார், நினைவிருக்கிறதா? நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “ஒன்னக் கேக்காம கலர மாத்துனது தப்பும்மா. ஒனக்கு அலைச்சல் வேண்டாமேன்னுதான்…” என்று முடிக்காமல் விட்டார். நீ செல்போனில் தட்டிக் காட்டினாய்: ‘பொண்ணு பாக்க வாராங்கன்னு டவருக்குப் பவுடர் போட்டது நல்லாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி.’ அவர் சிரித்துக்கொண்டே அழுதார். உன் வீட்டுக்காரர் எழுந்துபோய் டீ போட்டார்.

அந்த வாரம் நீ எப்படி வேலை செய்தாய் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. காலையில் கொஞ்சம், படுத்து எழுந்து கொஞ்சம். ஆங்கிள் அடுத்த தூண்களுக்கு இடையே போயிற்று. கீழ்த்தளங்களின் கணக்கு முழுக்க மறுபடி போடப்பட்டது. கடைசி நாள் இருவரும் மாடலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆங்கிளை அதன் பழைய நிறத்துக்கு மாற்றினோம். உன் அம்பும் என் அம்பும் அதன்மேல் அருகருகே நின்றன. ‘டிசைன்’ என்ற கட்டத்தில் உன் பெயரோடு வரைபடம் போயிற்று. அந்த டவருக்கான இரும்பு துறைமுகத்துக்குள் வந்து இறங்கிய மாதம் நீ போனாய்.

இனி, உன்னிடம் சொல்லவேண்டிய பாக்கி.

போன வாரம் புது வேலை ஒன்றுக்கு அளவெடுக்க உன் டவரில் ஏறினேன். மேல்தளம் வந்ததும் கால் தயங்கியது. அந்த இடத்துக்குப் போனேன். இரண்டு பேர் உரசாமல் போகலாம், அவ்வளவு வழி. நெஞ்சு உயரத்தில் ஒன்றுமில்லை. கடல் நேராகத் தெரிந்தது.

ஆனால் போகமுடியவில்லை. சரியாக அந்த வழியில், நீ போராடி வாங்கிய அந்த இடத்தில், குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு தண்ணீர் கேன், ஒரு தூக்குச்சட்டி. என் வயதை ஒத்த ஃபிட்டர் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் காலை மடக்கினார்.

“யாரத் தேடுதிய மேடம்?”

“யாரையும் இல்ல. இங்கன ஏன் பலகை போட்டிருக்கிய?”

“இங்கனதான் மேடம் காத்து வரும். இந்த டவருலயே சோறு திங்கத் தோதான எடம் இது ஒண்ணுதான். தெரிஞ்சே விட்டிருக்கானுவ போல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் விழித்தார். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அப்புறம் சண்டைக்குப் போயிருப்பாய். அடுத்த ஃபிட்டர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் இந்தப் பலகைதானே குறுக்கே கிடக்கும்?

எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. எங்கே போடவேண்டும் என்றும் மனதில் ஓடியது. மோட்டாருக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது. சொல்ல வாயெடுத்தவள், உன்னோடு வேலை செய்த அந்தக் கடைசி மாதங்களுக்குப் பிறகு என்னோடு ஒட்டிக்கொண்டுவிட்ட பழக்கத்தில், நிறுத்திக்கொண்டேன். யாரிடம் பேசினாலும் இப்போதெல்லாம் இப்படி ஆகிவிடுகிறது. எனக்குத் தெரிந்த பதிலை முந்திக்கொண்டு சொல்லாமல் நிற்கிறேன். செல்வி அக்கா இதை வயசாகிவிட்டது என்கிறாள்.

“இது ஆள் போற வழி” என்றேன். “பை கொண்டு வர்றவருக்கு எடம் வேணும். ஒங்களுக்குக் காத்தும் வேணும். வேற எங்கன போட்டா சரியா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.”

அவர் தூக்குச்சட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார். கைப்பிடி ஓரமாகப் போய் நின்று பார்த்தார். மோட்டாருக்குப் பின்னால் போனார். முகத்தைக் காற்றுக்குக் காட்டினார். அங்கே காற்று இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தார். கீழே பெல்ட் கரியைக் கொட்டும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இன்னொரு மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அவசரம் இல்லை. அவர் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றிருந்தேன்.